ஸ்ரீரங்கத்தில் அன்று பறித்த பூவை அன்றே சேர்ப்பித்தல்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்திருக்கும் ஸ்ரீரங்கம், பூவின்றி ஒரு நாளும் கழியாத ஊர் என்பது யாவரும் அறிந்ததே. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்த ஸ்தலம் அது. 1994-ஆம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டுவிட்ட போதிலும், ஏழு பிராகாரங்களைச் சூழ்ந்த வீதிகளில் குடியிருப்போர் அதனைத் தனி ஊராகவே பாவித்து வருகின்றனர். விடியுமுன்னரே சாத்தார வீதியில் பூச்சந்தை கூடிவிடுகிறது. காவிரிக்குத் தெற்கே எட்டரை, கோப்பு, போசம்பட்டி முதலிய கிராமங்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் திருச்சி, ஸ்ரீரங்கம் சந்தைகளுக்குத் தினந்தோறும் வருகின்றன.

இச்சந்தை வியாபாரத்தோடு இப்போது மற்றொரு வியாபாரமும் வளர்ந்துவருகிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ உத்தியோகத்தில் இருக்க, பெற்றோர் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் குடும்பங்கள் அநேகம். தாய் தந்தையரின் சஷ்டியப்தபூர்த்தி, பிறந்த நாள், திருமண நாள், வெள்ளிக்கிழமைப் பூஜை ஆகியவற்றுக்கு மாலையும் தொடுத்த பூவும் வேண்டுமென்று பிள்ளைகள் டெலிபோன் மூலம் பூக்கடைக்குச் சொல்லிப் பணமும் அனுப்பிவிடுகின்றனர். காலையில் சொன்ன பூ மாலைக்குள் வீட்டு வாசலில் சேரவேண்டும் என்பதே ஏற்பாடு. கடைக்காரர் நண்பகல் வரையில் கேட்போருக்கு ஒப்புக்கொண்டு, தொடுப்பவர்களிடம் கொடுத்துக் கட்டி வாங்கி, இருசக்கர வாகனத்தில் ஆள் மூலம் அனுப்பிவைக்கிறார்.

இது கடைக்காரரின் விவகாரம், நமக்கு இதில் என்ன என்று மிராசுதார்கள் எண்ணலாகும். அவ்வாறன்று. மாலை ஆறு மணிக்கு வாசலில் சேரும் பூ நல்ல நிலையில் இருக்குமா இராதா என்பது பெரும்பாலும் காலை ஆறு மணிக்குள் கொல்லையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதைத் தீர்மானிப்பவர் சாகுபடியாளர்; அதற்குரிய விலையை மட்டும் இதுநாள்வரை அவர் கேட்டுப் பெறவில்லை.

மொட்டின் கடிகாரம்

குண்டுமல்லி மொட்டு செடியிலிருந்து பறித்த பின்பும் உயிருள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவிட்டு உஷ்ணத்தை வெளியிடுகிறது, இதழ்களிலுள்ள ஜலத்தை ஆவியாக விட்டுக்கொண்டேயிருக்கிறது. செடியில் இருக்கும்வரை வேர் அந்த ஜலத்தை ஈடுசெய்யும். பறித்தபின் ஈடுசெய்வார் எவருமில்லை. இரவில் குளிர்ச்சியினால் செடி ஜலம் நிரம்பப்பெற்று, விடியற்காலையில் மொட்டு மிகவும் விறைப்பாக இருக்கிறது. சூரியன் ஏற ஏற அவ்விறைப்பு குறையும். ஆதலால் சூரியோதயத்துக்கு முன் பறித்த மொட்டும் ஒன்பது மணிக்குப் பறித்த மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும், ஆயுளில் ஒன்றல்ல.

முற்றி வெளுத்துத் திரண்ட மொட்டு அன்று மாலையிலேயே விரியும். பச்சை படர்ந்த இளமொட்டைப் பறித்தால் அது சரியாக விரியாது. எடையும் மணமும் குறைவு. நாளைக்கு வரவேண்டிய வரும்படியை இன்றே அழித்ததாகவும் ஆகும். ஏற்கெனவே விரிந்துபோன நேற்றைய பூ கூடையில் கலந்தால், அது விரைவில் பழுப்பேறி மற்றவற்றின் தோற்றத்தையும் கெடுக்கும். இம்மூன்றையும் வேறுபடுத்திப் பறிப்பதற்குப் பறிக்கும் பெண்களின் கையே சாதனம். எடைக்குக் கூலி கொடுக்கும் வழக்கத்தில், மொட்டின் பக்குவம் பார்த்து நிதானமாகப் பறிப்பவளுக்கு நஷ்டமும், கையில் வந்ததையெல்லாம் உருவிப் போடுபவளுக்கு லாபமும் ஏற்படுகிறது. கூலியோடு தரத்துக்கென்று சிறிது சேர்த்துக் கொடுப்பதே இதற்குப் பரிகாரம் என்பது எமது அபிப்பிராயம்.

வாங்குபவருக்கு வேண்டுவது என்ன என்பதையும் யோசிக்கவேண்டும். மல்லிகை கூடையில் விரிந்தால் பிரயோஜனமில்லை. வழியில் விரிந்தாலும் பிரயோஜனமில்லை. தொடுத்த சரம் மொட்டாகவே வீடு சேர்ந்து, விளக்கேற்றும் வேளையில் அங்கே விரிந்து மணக்கவேண்டும். அன்றே சேர்ப்பித்தல் என்பதன் முழுப் பொருளும் இதுதான். பூவை விற்கிறோம் என்பதைவிட, அது விரியும் வேளையை விற்கிறோம் என்று சொல்வது பொருத்தமாயிருக்கும்.

கூடையும் மூட்டையும்

மொட்டுகளை மூட்டையிலோ பாலிதீன் பையிலோ திணித்துக் கட்டினால், அவை வெளியிடும் உஷ்ணம் வெளியேற வழியின்றி நடுவில் தேங்கும். ஒரு மணி நேரம் கட்டிவைத்த மூட்டையின் மத்தியில் கையை நுழைத்துப் பார்ப்பவர் வெதுவெதுப்பை நேரே உணரலாம். உஷ்ணம் மிகுந்தால் சுவாசமும் மிகும். சுவாசம் மிகுந்தால் உஷ்ணம் இன்னும் ஏறும். இவ்விதம் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு மொட்டு அகாலத்தில் தளர்ந்து பழுப்பேறுகிறது. காற்றோட்டமுள்ள மூங்கிற்கூடையில் வாழையிலை பரப்பி, ஆழமாகக் குவிக்காமல் போட்டு, மேலே நனைத்துப் பிழிந்த துணியால் மூடி நிழலில் வைப்பது பழைய வழக்கம். அதைவிடச் சிறந்தது குறைந்த செலவில் வேறொன்றுமில்லை.

எடை கூட்டும்பொருட்டு மொட்டின்மேல் ஜலம் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது வாங்குபவரை ஏமாற்றுவது என்பது ஒருபுறமிருக்க, தெளிப்பவருக்கே கேடாகும். இதழின்மேல் தங்கிய ஜலம், காற்றில்லாத மூட்டையில் பூவைக் கறுக்கச் செய்கிறது. சந்தையில் பழகிய வியாபாரி நனைந்த பூவைக் கைவைத்த மாத்திரத்தில் அறிந்து, எடையில் தள்ளுபடி செய்வதோடு அந்தக் கூடைக்காரரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்கிறார். துணி நனைந்திருக்கலாம், பூ நனையலாகாது.

ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அனுப்பும் முறை விமானத்தில் செல்லும் பூவுக்கு ஏற்பட்டது. மொட்டு விரிவதைத் தாமதப்படுத்தப் போரிக் அமிலக் கரைசலில் நனைத்தெடுக்கும் முறையும் தூரதேச ஏற்றுமதிக்கே உரியது. அரை மணி நேர வழியில் ஸ்ரீரங்கம் செல்லும் பூவுக்கு இவை இரண்டும் வேண்டியதில்லை.

மேற்சொன்னவற்றை நம்பும்படி நாம் கேட்கவில்லை. விவசாயிகள் தாமே சோதித்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு ஒரே செடிவரிசையில் பறித்த மொட்டில் அரைக் கிலோ வீதம் மூன்று பங்கு நிறுத்தெடுக்கவும். முதற் பங்கை இலை பரப்பிய கூடையில் ஈரத்துணி மூடி நிழலில் வைக்கவும். இரண்டாவதைப் பாலிதீன் பையில் இட்டு இறுகக் கட்டவும். மூன்றாவதை மூடாமல் வெயில் படும் திண்ணையில் விடவும். எட்டு, பத்து, பன்னிரண்டு மணிகளில் மூன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளவும். மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் ஒவ்வொன்றிலும் நூறு மொட்டு எடுத்து, விரிந்தவை எத்தனை, பழுத்தவை எத்தனை என்று எண்ணவும். திண்ணைப் பூ எடை குறைந்து வாடியிருக்கும். பையிலிட்டது எடையில் அதிகம் குறையாது. ஆனால் வேர்த்துப் பழுத்திருக்கும். தராசு ஒன்றையே பார்த்திருப்பவர் இரண்டாம் முறையை உயர்ந்தது என்று நினைத்துவிடக்கூடுமாகையால், மாலையில் எண்ணிப் பார்ப்பதை விட்டுவிடலாகாது.

எடை நஷ்டமும் அற்பமல்ல. உதாரணமாக, தினம் 15 கிலோ பறிப்பவருக்குக் கொல்லைக்கும் தராசுக்கும் நடுவே 1 கிலோ ஆவியாகப் போகிறதென்றும், கிலோ 400 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், இருபது நாட்களில் 8,000 ரூபாய் காற்றோடு போயிற்று. ஒரு கோணித்துணியையும் நிழலையும் கொண்டு இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

பாலமும் வீதியும்

தெற்குக் கரைப் பூ ஸ்ரீரங்கம் சேரவேண்டுமானால் காவிரியைக் கடந்தாகவேண்டும். இதற்கு 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலமே பிரதானமான வழி. பழுதுபார்க்கும்பொருட்டு 2022-ஆம் வருஷக் கடைசியில் அப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2023 மார்ச்சில் மறுபடியும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் வண்டிகள் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அரிசியோ பருப்போ சுற்றி வந்தால் வாடகை கூடும், அவ்வளவே. மல்லிகை சுற்றி வந்தால் வாடகையும் கூடி விலையும் குறையும். ஆற்றுக்கு அக்கரையில் சந்தை வைத்திருக்கும் கிராமத்தார், பாலம் எந்த நாளில் எந்த நேரம் மூடப்படுகிறது என்பதை முன்னதாக விசாரித்து வைத்திருப்பது நலம்.

ஊருக்குள்ளும் இதுபோலவே. ஸ்ரீரங்கத்தின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. தேரோட்டம், வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு ஆகிய நாட்களில் ஜனக்கூட்டத்தினால் வண்டிகள் உட்செல்வது தடைப்படும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்குச் செல்லும் சாலையில் காலை முதலே நெருக்கடிதான். பூ அதிகமாக வேண்டியிருக்கும் நாளே பூவைக் கொண்டுசேர்ப்பதற்கு மிகவும் கடினமான நாளாகவும் இருக்கிறது. அந்நாட்களில் விடியுமுன் சந்தையில் இறக்கிவிட்டு வெளியேறுவதற்கு ஏற்றபடி, பறிப்பைப் பின்னிரவிலேயே தொடங்கவேண்டும். தலையில் கட்டும் மின்விளக்கோடு பறிப்பது இப்போது பல கிராமங்களில் சகஜமாகிவிட்டது. பாம்புக்கடி அபாயம் இருப்பதால், வரிசைகளினிடையே களையை ஒழித்து வைப்பதும், பறிப்பவர்களுக்குக் கணுக்கால் மூடும் செருப்பு வாங்கிக் கொடுப்பதும் நிலச் சொந்தக்காரரின் கடமை.

இரண்டாவது கூடை

இப்போதுள்ள வழக்கப்படி, பறித்த பூ யாவும் விடியற்காலைச் சந்தைக்கே செல்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவதால், வரத்து மிகுந்த நாளில் ஏழு மணிக்குள் விலை சரிந்துவிடுகிறது. அதே கடைக்காரர், பதினொரு மணிக்குமேல் வரும் அன்றாட ஆர்டருக்காக, சந்தையில் எஞ்சிய, பலர் கைபட்ட பூவையே பயன்படுத்த நேர்கிறது. அவருக்கு அப்போது வேண்டியது புதிய மொட்டு; நம்மிடம் காலையில் மிகுந்திருந்ததும் புதிய மொட்டு. நடுவில் இருப்பது நான்கு மணி நேரம்தான்.

ஆகவே, சந்தைக்கு அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் சாகுபடியாளர்கள், விடியுமுன் பறித்ததில் ஒரு பங்கை முன்சொன்னபடி ஈரத்துணி மூடி நிழலில் நிறுத்திவைத்து, பத்தரை மணியளவில் நேரே கடைக்குச் சேர்ப்பித்தால் இருதரப்பாருக்கும் அனுகூலமாகும். இதற்கு முன்னதாகவே பேசி முடித்த விலை வேண்டும். அன்றன்று ஏலத்தில் விழும் விலைக்கு இந்த இரண்டாவது கூடையைக் கொடுப்பதில் பொருளில்லை. ஒருவர் தனியாக இதைச் செய்வது கடினம். செடி ஒரு நாள் அதிகமும் ஒரு நாள் குறைவுமாகப் பூப்பதால், ஒப்புக்கொண்ட அளவைத் தினமும் கொடுக்க இயலாமற் போகும். ஐந்தாறு பேர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்தால், ஒருவர் கொல்லையில் குறைந்ததை மற்றவர் ஈடுசெய்யலாம். ஒரே வண்டியில் ஏற்றவும் செய்யலாம்.

மல்லிகையின் விலை மற்ற விளைபொருள்களைப்போல் அன்று. பனி மிகுந்த மார்கழி, தை மாதங்களில் செடி ஒடுங்கி வரத்து குறைந்து, கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குச் செல்வதுண்டு. கோடையில் பெருகி வரும்போது பறிகூலிக்கும் கட்டாதபடி இறங்குவதும் உண்டு. அப்போது செடியிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷம் முழுவதற்கும் நிதானமான ஒரு விலைக்குப் பூவின் மூன்றிலொரு பங்கைப் பேசி வைத்துக்கொள்பவர், மார்கழியில் சிறிது லாபத்தை இழப்பார். சித்திரையில் பூவைக் கொட்டிவிட்டு வீடு திரும்பமாட்டார். மார்கழியில் விலை ஏறியதும் பேசியதை மறந்து சந்தைக்கு ஓடுபவருக்கு இந்த ஏற்பாடு ஒருபோதும் பயன்படாது. கடைக்காரர் சித்திரையில் அதேபோல் நடந்துகொள்ளும்போது அவரைக் குறைகூற இடமுமிராது.

எல்லாப் பூவும் ஒன்றல்ல

அன்றாட ஆர்டருக்கு மல்லிகை ஒன்றே போதாது. முல்லையும் பிச்சியும் மல்லிகையைப்போலவே அன்றைக்கே தீரவேண்டியவை. கனகாம்பரம் மணமில்லாதாயினும் எளிதில் வாடாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் விரிந்த பூவைப் பறிக்கலாம். செவ்வந்தி மேலும் தாங்கும். சம்பங்கி, அரளி, துளசி, மரிக்கொழுந்து ஆகியவை மாலை கட்டுவதற்கு என்றும் வேண்டும். வேலியோரத்தில் அரளியும், வாய்க்கால் கரையில் மரிக்கொழுந்தும், அரைக் காணியில் சம்பங்கியும் வைத்திருப்பவர், கடைக்காரருக்கு ஒரே வண்டியில் ஒரு மாலைக்கு வேண்டிய யாவற்றையும் கொடுக்கக்கூடியவராகிறார். தொடுப்பதற்கு வாழைநாரே உத்தமம். அது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு காம்பை வாடாமல் காக்கிறது. வாழை பயிரிடும் காவிரிப் படுகையில் அதற்குக் குறைவில்லை.

கவாத்தும் திருவிழாவும்

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுக் கவாத்துச் செய்யவேண்டும் என்பது சிபாரிசு. பிச்சிக்கு டிசம்பர் கடைசியும், முல்லைக்கு ஜனவரி கடைசியும் ஏற்ற காலம். நவம்பர்க் கவாத்துக்குப்பின் மார்ச் முதல் குண்டுமல்லி பூப்புக்கு வரும். சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான். கூடை கூடையாகப் பூ வேண்டப்படும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை உத்தேசித்துக் கவாத்து நாளைக் கணக்கிடுபவர் மிகச் சிலரே.

கொல்லை முழுவதையும் ஒரே நாளில் கவாத்துச் செய்வதால் பூவும் ஒரே சமயத்தில் பெருகுகிறது. கொல்லையை மூன்று பாத்தியாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவிட்டுக் கவாத்துச் செய்தால் வரத்து பரவலாகும். பறிக்கும் ஆட்களுக்கும் தொடர்ந்து வேலை கிடைக்கும். வைகுண்ட ஏகாதசிக் காலத்துக்குக் குண்டுமல்லியை நம்பமுடியாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள கோ.1 நட்சத்திர மல்லிகை வருஷம் முழுவதும் பூக்கும் இயல்புடையதாகையால், சில வரிசைகள் நட்டுப் பார்க்கத்தக்கது.

பூச்சி மருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. நெல்லுக்கு மருந்தடித்தபின் அறுவடைக்கு நாள் விட்டுக் காத்திருக்கலாம். தினம் பறிக்கும் பயிரில் அவ்வாறு காத்திருப்பவர் எவரும் இல்லை. இந்தப் பூ பெண்கள் தலையில் சூடுவது. கதவடைத்த அறையில் இரவு முழுவதும் இருப்பது. தொடுப்பவர் சில சமயம் காம்பைப் பல்லால் கடிப்பதும் உண்டு. ஆகையால் மொட்டுப்புழு கண்ட மொட்டுகளை அவ்வப்போது கிள்ளி அழிப்பதும், மொட்டு ஈயின் கூட்டுப்புழு மண்ணில் தங்குவதால் செடியடியைக் கொத்திக் கிளறிவிடுவதும், வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துவதும் முதலில் செய்யவேண்டியவை. வேறு மருந்து தவிர்க்கமுடியாதபோது, அடைப்பில் குறித்த நாட்கள் கழியும்வரை அந்த வரிசைப் பூவை விற்பனைக்கு அனுப்பலாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனத்துக்கு

அடங்கலில் பூச்செடி நிலத்தைப் ‘பூ’ என்றோ ‘தோட்டம்’ என்றோ பொதுவாகக் குறிப்பதைவிட, மல்லிகை, முல்லை, சம்பங்கி எனப் பயிர்வாரியாகவும், பரப்பும் பாசன ஆதாரமும் விளங்கும்படியும் எழுதுவது அவசியம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு நூறும், ஏனையோருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்தும் மானியம் அளிக்கப்படுகிறது. அதற்கு அடங்கல் நகலும் சிட்டாவும் கேட்கப்படுகின்றன. ஊடுபயிராக வாழை இருந்தால் வாழையை மட்டும் எழுதிவிட்டு மல்லிகையை விட்டுவிடும் வழக்கம், வெள்ளச் சேத நிவாரணக் காலத்தில் விவசாயியைப் பெரிதும் பாதிக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் வருஷங்களில் கரையோரக் கிராமங்களில் இது கண்கூடு. ஐப்பசி மாதத்துக்குள் பதிவுகளைச் சரிபார்த்து முடித்துவிட்டால், கார்த்திகையில் கவாத்து வேலை தொடங்குமுன் எத்தனை காணி மல்லிகை கிராமத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். குழுவாகச் சேர விரும்புவோர் கடைக்காரரிடம் என்ன அளவுக்குப் பேசலாம் என்பதற்கும் அதுவே ஆதாரமாகும்.